பரணில் கிடக்கும் பட்டாளத்துத் தாள்

வாசகர் கேள்வி - பதில்

பென்ஷன் தாள், மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம் என்று ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் தாத்தா எந்தப் படையில் இருந்தார், எங்கெல்லாம் போனார்?" என்று காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து பலர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில். எழுதியவர்களின் சொந்த விவரங்களை நீக்கிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவின் அப்பா மிலிட்டரி பென்ஷன் வாங்கியவர். 1971-ல் காலமானார். பழைய தகரப் பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பழுப்புத் தாள் ஒன்று கிடைத்தது. ஒரு ஓரம் கிழிந்த மாதிரி இருக்கிறது. விரல் ரேகைகளும், 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு எண்ணும் இருக்கின்றன. இதை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?
- வாசகர், ஒரத்தநாடு

பதில்: நிறையவே கண்டுபிடிக்கலாம் ஐயா. அது கிழிந்த தாள் இல்லை. பென்ஷன் பேமென்ட் ஆர்டரின் ஒரு பாதி, பி.பி.ஓ. என்பார்கள். அந்த உத்தரவு இரண்டு பாகமாக வரும். ஒன்று பென்ஷன்காரர் கையில் இருக்கும், இன்னொன்று பணம் கொடுக்கும் கருவூலத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்து, ஆள் அவர்தானா என்று ரேகையையும் அங்க அடையாளத்தையும் ஒப்பிட்டு, அதன் பிறகே பணம் தருவார்கள். அந்த ஏற்பாடுதான் இன்று உங்களுக்கு உதவப்போகிறது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க எழுதிவைத்த உயரம், மச்சம், தழும்பு, தகப்பனார் பெயர், ஊர், தாலுகா எல்லாம் இன்றும் அந்தத் தாளில் இருக்கும்.

பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் பி.பி.ஓ. எண். பழைய உத்தரவுகளில் முதல் எழுத்து பென்ஷனின் வகையைச் சொல்லும். 'எஸ்' என்றால் சேவைக்கான பென்ஷன், 'டி' என்றால் ஊனத்துக்கான பென்ஷன், 'எஃப்' என்றால் குடும்ப பென்ஷன். எண்ணின் கடைசியில் வருவது உத்தரவு போட்ட வருஷம். சுதந்திரத்துக்குப் பின் தரைப்படையினருக்கான உத்தரவுகள் அலகாபாத்திலிருந்து வந்தவை. இன்றைக்குப் பிரயாக்ராஜ் என்கிறார்கள். அலுவலகம் அதே ஊரில்தான் இருக்கிறது.

அடுத்து இருப்பதுதான் முக்கியம்: படை எண், பதவி, பெயர், யூனிட். படை எண்ணும் பி.பி.ஓ. எண்ணும் வேறு வேறு. பலர் பி.பி.ஓ. எண்ணைப் படை எண் என்று எழுதி அனுப்பி, 'பதிவு இல்லை' என்ற பதிலை வாங்கி வைத்திருக்கிறார்கள். படை எண் எப்போதும் பதவிக்கு முன்னால் ஒட்டி நிற்கும். பதவி 'ஜமேதார்' என்றிருந்தால் அது 1965-க்கு முந்தைய தாள். அந்த வருஷத்தில்தான் ஜமேதார் என்பதை நாயப் சுபேதார் என்று மாற்றினார்கள். தொகை ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் இருந்தால் தாள் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையது. நயா பைசா வந்தது அன்றைக்குத்தான்.

பென்ஷன் தொடங்கிய தேதி பெரும்பாலும் படையிலிருந்து விலகியதற்கு மறுநாளாக இருக்கும். சேவைக்காலம் இத்தனை வருஷம், இத்தனை மாதம் என்றும் எழுதியிருப்பார்கள். அதைக் கழித்தால் சேர்ந்த தேதி வந்துவிடும் என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். அதில் இருப்பது பென்ஷனுக்குக் கணக்கில் எடுத்த சேவை மட்டும். சிறைத் தண்டனை போன்ற, கணக்கில் சேராத நாட்களைக் கழித்துவிட்டுப் போட்ட எண் அது. ஆகவே உண்மையில் சேர்ந்த தேதி இன்னும் முன்னால் இருக்கலாம். இன்னொன்று ரிசர்விஸ்ட் பென்ஷன். படையில் சில வருஷம், பிறகு வீட்டுக்கு அனுப்பிக் கூப்பிட்டால் வரவேண்டிய ரிசர்வில் சில வருஷம், இரண்டும் சேர்ந்து 15 வருஷம் ஆனதும் கிடைப்பது அது. தாளில் 'ரிசர்விஸ்ட்' என்ற சொல் இருந்தால், பென்ஷன் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே தாத்தா ஊருக்கு வந்து உழவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

யூனிட் தெரிந்ததும் எழுத வேண்டியது அந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி மாவட்டம் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று ஊரில் சொல்லும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கும், பயனியர் கோருக்கும், சப்ளை கோரின் தெற்குப் பிரிவுக்கும் பெங்களூரு. ஒர்க்ஷாப் பிரிவான இ.எம்.இ.க்கும், ஆயுதக் கிடங்குப் பிரிவான ஆர்டினன்ஸ் கோருக்கும் செகந்திராபாத். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, மெடிக்கல் கோர் லக்னோ. கடற்படையில் மாலுமியாக இருந்தவர் என்றால் மும்பை, விமானப்படை வீரர் என்றால் டெல்லி சுப்ரதோ பார்க்.

கடிதத்தில் 'என் தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. 'லாங் ரோல் பதிவின் நகல், ஷீட் ரோல் இருந்தால் அதன் நகல், கிண்ட்ரட் ரோல் இருந்தால் அதன் நகல்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். லாங் ரோல் என்பது படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் சில வரிகள் ஒதுக்கிய பெரிய பதிவேடு. ஷீட் ரோல் அவருடைய சொந்தக் கோப்பு: எந்த யூனிட்டிலிருந்து எங்கே மாற்றம், என்ன காயம், என்ன மெடல் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிண்ட்ரட் ரோலில் குடும்பத்தார் பெயர் இருக்கும். பி.பி.ஓ. நகல், இறப்புச் சான்று, நீங்கள் அவருடைய வாரிசு என்று காட்டும் சான்று ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசல் எதையும் அனுப்ப வேண்டாம்.

ஒரத்தநாடு சார்நிலைக் கருவூலத்துக்கு நடையாய் நடப்பதில் அதிகப் பலன் இருக்காது. பென்ஷன்காரர் இறந்து, பணம் வாங்க ஆள் இல்லாமல் போனதும், கருவூலத்தின் பாகம் திரும்பிப் போயிருக்கும்.

கேள்வி: பெரிய தாத்தா 1942 முதல் 1946 வரை மிலிட்டரி லாரி ஓட்டினார், பர்மா வரை போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பென்ஷன் வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. கருவூலத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை. "பாதியில் ஓடி வந்திருப்பார், அதனால்தான் பென்ஷன் இல்லை" என்று உறவில் ஒருவர் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, திருவிடைமருதூர்

பதில்: அம்மா, உறவினர் சொன்னதை முதலில் மனசிலிருந்து எடுத்துப்போடுங்கள். பென்ஷன் இல்லை என்பதற்கு ஓடிவந்தார் என்று அர்த்தமே இல்லை. சிப்பாய்க்குச் சேவை பென்ஷன் கிடைக்க 15 வருஷம் வேண்டும். 1942-ல் சேர்ந்த பெரும்பாலோர் போர் முடியும்வரை என்ற நிபந்தனையில் சேர்ந்தவர்கள். 1945 கடைசியிலிருந்து அவர்களை லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகை, ரயில் வாரண்டு, ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், அவ்வளவுதான். நாலு வருஷம் உயிரைப் பணயம் வைத்துவிட்டு வந்து, மாதப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் திரும்ப வயலில் இறங்கியவர்கள் தஞ்சை ஜில்லாவில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். போர்க்காலத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்கியவர் என்றால், அவர் போருக்குப் பிறகும் படையில் தொடர்ந்திருக்க வேண்டும், அல்லது காயத்தாலோ நோயாலோ ஊனமடைந்திருக்க வேண்டும். ஊன பென்ஷனுக்கும் படைச் சேவையால் வந்த பாதிப்பு 20 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது விதி.

பென்ஷன் பதிவேடு பணம் கொடுப்பதற்காக எழுதியது. பணம் கொடுக்காத ஆள் அதில் இருக்கமாட்டார். அவரைத் தேட வேண்டிய இடம் வேறு.

வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா பாருங்கள். உள்ளங்கை அகலத்தில், தடித்த அட்டை போட்ட சின்னப் புத்தகம். பத்திரங்களோடும் ஜாதகக் கட்டோடும் சேர்ந்து கிடக்கும். அதில் விலகிய காரணம் என்ற இடத்தையும், நடத்தை என்ற இடத்தையும் படியுங்கள். ஆள்குறைப்பு, படைக் கலைப்பு என்ற பொருளில் காரணமும், 'எக்ஸம்ப்ளரி', 'வெரி குட்', 'குட்' என்று ஏதாவது ஒன்று நடத்தையிலும் இருந்தால் முறையாக விடுவிக்கப்பட்டவர் என்று பொருள். ஓடிப்போனவரை டிஸ்சார்ஜ் புத்தகம் கொடுத்து அனுப்பிவைப்பதில்லை. அந்தப் புத்தகம் ஒன்றே கல்யாண வீட்டுப் பேச்சுக்குப் போதுமான பதில்.

புத்தகம் இல்லையென்றால் தஞ்சாவூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய ஆட்கள் சோல்ஜர்ஸ் போர்டு என்று சொல்வது அதைத்தான். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தமிழக அரசு நிதியுதவி தந்துவருகிறது. பாட்டி அதற்கு எப்போதாவது மனுப் போட்டிருந்தால், படை எண் முதல் எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: அந்த உதவி வீரருக்கும் மனைவிக்கும் மட்டும்தான். "பேரனுக்கும் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

போர்க்கால லாரி டிரைவர்கள் அநேகமாக ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.யில், அதாவது அன்றைய சப்ளை கோரில் இருந்தவர்கள். பெங்களூருக்கு எழுதுங்கள். ஒரு தடை வரும். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சொந்தக் கோப்பை 25 வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவது படை விதி. 1946-ல் விலகியவரின் கோப்பு எப்போதோ போயிருக்கும். லாங் ரோல் அப்படியல்ல, அது நிரந்தரப் பதிவேடு. 'கோப்பு அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், 'லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் தேவை' என்று மறுபடி எழுதுங்கள். முதல் கடிதத்தோடு நின்றுவிடுவதால்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் மெடல்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நட்சத்திரம், ஒன்று வட்டம். பச்சை பிடித்துக் கிடக்கின்றன. வட்டத்தின் விளிம்பில் எழுத்து மாதிரி தெரிகிறது. புளி போட்டு விளக்கினால் படிக்க முடியுமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளியோ பித்தளை பாலிஷோ வேண்டாம். எழுத்து விளிம்பில் மெலிதாக அழுத்தியது. நாலு முறை தேய்த்தால் மழுங்கிப்போகும். எங்கள் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

இருட்டு அறையில் உட்கார்ந்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மெடலை மெல்லச் சுற்றினால் ஒவ்வொரு எழுத்தின் நிழலும் எழும்பும். சுற்றச் சுற்ற ஏழெட்டு இடத்தில் போனில் படம் எடுங்கள். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்துத் தந்தார்கள். வட்ட மெடலில் விளிம்பில் இருக்கும், நட்சத்திரத்தில் பின்புறம் இருக்கும். வரிசை எப்போதும் ஒன்றுதான்: எண், பதவி, பெயர், யூனிட். பென்ஷன் தாளே இல்லாத வீட்டுக்கு இந்த விளிம்புதான் பி.பி.ஓ.

யூனிட் சுருக்கமாக இருக்கும். ஐ.ஏ.ஓ.சி. என்றால் ஆர்டினன்ஸ், ஐ.ஏ.எம்.சி. என்றால் மருத்துவப் பிரிவு, ஐ.இ.எம்.இ. என்றால் ஒர்க்ஷாப் பிரிவு. கடைசியாகச் சொன்னது 1943-ல் ஆர்டினன்ஸிலிருந்து பிரிந்தது. அப்போது மாறிய ஆளுக்கு இரண்டு படை எண் இருக்கலாம், இரண்டையும் கேட்டு எழுதுங்கள். நட்சத்திரத்தின் முகப்பில் பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போர்முனையின் பெயரே இருக்கும். 'இந்தியா சர்வீஸ் மெடல்' என்ற வட்ட மெடல், போர்க்காலத்தில் இந்தியாவுக்குள் 3 வருஷம் பணி செய்ததற்கு. 'வார் மெடல் 1939-45' 28 நாள் சேவைக்கே கொடுத்தது. அதை வைத்துப் போர்முனைக்குப் போனார் என்று சொல்ல முடியாது.

கேள்வி: படை எண், பெயர், ஊர் எல்லாம் கொடுத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினேன். 'இந்த விவரங்களுடன் பதிவு ஏதும் இல்லை' என்று ஒரு வரியில் பதில். வேறு வழி உண்டா?
- வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் கடித நகலைப் பார்த்தோம். 'திருவாரூர் மாவட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா படையில் சேர்ந்தபோது அப்படி ஒரு மாவட்டமே இல்லை. 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. அதற்கெல்லாம் முன்னால் இது முழுக்கத் தஞ்சாவூர் ஜில்லா. அறந்தாங்கிகூட அப்போது இங்கேதான் இருந்தது. 1974-ல்தான் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனது. எனவே 'தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா' என்று அந்தக்காலப் பெயரில், ஆங்கிலேயர் எழுதிய வடிவத்திலேயே கேளுங்கள். மயிலாடுதுறை அதில் மாயவரமாகவும், சீர்காழி ஷியாலியாகவும், திருச்சி திருச்சினாப்பள்ளியாகவும் இருக்கும். படைப் பதிவில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தபால் ஆபீஸுக்கும் தனித்தனி இடம் உண்டு. அன்றைக்கு உங்கள் ஊருக்கு எந்த ஸ்டேஷன், எந்தத் தபால் ஆபீஸ் என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் சேருங்கள். நல்லூர், மங்கலம், குடி என்று முடியும் ஊர்கள் டெல்டாவில் ஒரே பெயரில் நாலைந்து இருக்கும். தாலுகா இல்லாமல் ஊரை மட்டும் எழுதினால் பயனில்லை.

அடுத்து பெயர். ஆளெடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் காதில் விழுந்தபடிதான் ஏறியிருக்கும். நம் 'ழ'வை ஒருவர் 'எல்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'இசட்-எச்' போடுவார். 'த'வுக்கு 'டி' மட்டுமா, 'டி-எச்'சா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சாமி என்பது ஸ்வாமி ஆகும். கோவிந்தசாமி வெறும் கோவிந்தன் ஆகியிருப்பார். இனிஷியல் பெரும்பாலும் இருக்காது. தகப்பனார் பெயர் தனிப் பத்தியில் இருக்கும். உங்கள் கடிதத்தில் தகப்பனார் பெயரே இல்லை. தேடுகிறவருக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பெயருக்கு நாலு எழுத்துக்கோவையாவது கொடுங்கள். வயது ஒரு இரண்டு வருஷம் முன்பின்னாக இருந்தால் தளராதீர்கள். ஆள் எடுக்கையில் பார்வைக்குத் தோன்றிய வயதைத்தான் எழுதினார்கள். சேரும் ஆசையில் கூட்டிச் சொன்ன பையன்களும் உண்டு.

எண்ணில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் மாறியிருக்கும். சந்தேகமான இலக்கத்துக்கு இரண்டு வாய்ப்பையும் எழுதுங்கள்.

இவ்வளவும் திருத்தித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவாகப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். தபாலில் என்றால் 'அக்கவுண்ட்ஸ் ஆபீஸர்' பெயருக்கு போஸ்டல் ஆர்டர். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். 'மூன்றாம் நபரின் சொந்த விவரம்' என்று மறுத்தால், அதே சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டுங்கள். 20 வருஷத்துக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலுக்கு அந்த மறுப்பு செல்லாது. வாரிசுச் சான்றையும் கூட வைத்துவிட்டால் பேச்சே எழாது.

கேள்வி: கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் 'பாஸ்ரா' போய்த் திரும்பவே இல்லை. கொள்ளுப்பாட்டிக்கு மாதம் சில ரூபாய் வந்ததாம். பஞ்சாபில் கிராமவாரியாகப் பதிவேடு கிடைத்து இணையத்தில் போட்டிருக்கிறார்களே, அதில் தேடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அதில் உங்கள் ஊர் இருக்காது அம்மா. அந்தப் பதிவேடுகள் அன்றைய பஞ்சாப் மாகாணத்துக்கு மட்டும் எழுதியவை, லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தவை. அங்கே தேடி நாளை வீணாக்காதீர்கள்.

அவர் திரும்பவில்லை என்பதால் உங்களுக்கு வேறு கதவு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த வீரர்களைக் கட்டணமில்லாமல் தேடலாம். இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் பலகைகளில் இந்தியச் சிப்பாய்களின் பெயர் இல்லை. ஒரு யூனிட்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் பொறித்தார்கள். பெயர்கள் ஆணையத்தின் ஏடுகளில் இருந்தன. அவற்றைத்தான் இப்போது தேட முடிகிறது. பெயரை மட்டும் போட்டால் ஆயிரம் முத்துசாமி வருவார். 'கூடுதல் விவரம்' என்ற தேடல் கட்டத்தில் ஜில்லா அல்லது தாலுகா பெயரை ஆங்கிலேயர் எழுதியபடி போடுங்கள். இன்னாரின் மகன், இந்த ஊர், இந்தத் தாலுகா என்று பதிவு இருந்தால் அப்போது அகப்படும்.

அவர் சிப்பாய்தானா என்றும் யோசியுங்கள். தெற்கிலிருந்து மெசபடோமியா, அதாவது இன்றைய இராக், போனவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்களும் உண்டு, லேபர் கோர், போர்ட்டர் கோர் என்று மண் வெட்டவும் கப்பல் சரக்கு இறக்கவும் போனவர்களும் உண்டு. அவர்களும் குண்டடியிலும் காலராவிலும் செத்தவர்களே. குடும்பத்துக்குப் பணம் வந்தது என்பதை வைத்து இவர் எந்த வகை என்று தீர்மானிக்க முடியாது. ஆணையத்தின் பதிவில் எண்ணும் யூனிட்டும் சேர்ந்து வந்தால்தான் தெரியும்.

யூனிட் எண்களில் ஒரு சூத்திரம் உதவும். 1903-ல் பழைய மெட்ராஸ் படைப் பிரிவுகளின் எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 1-வது மெட்ராஸ் பயனியர்ஸ் 61 ஆனது, 3-வது பாளையங்கோட்டை 63 ஆனது. குடும்பத்தில் ஒரு தலைமுறை 13 என்றும் அடுத்தது 73 என்றும் சொன்னால் இரண்டும் ஒன்றே. 1922 சீரமைப்புக்குப் பின் இவற்றுக்கு மறுபடி வேறு பெயர். மெட்ராஸ் காலாட்படையின் நிரந்தரப் பட்டாளங்களை 1920-களின் இறுதிக்குள் கலைத்துவிட்டார்கள், பயனியர்ஸை 1933-ல் கலைத்தார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் இரண்டாம் உலகப் போரின்போது மறுபடி எழுந்தது. எனவே வெலிங்டனிலிருந்து 1916-க்கு விவரம் கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரிலும் தேடுங்கள். 'இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் பொறித்த பளிங்குக் கல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரிலோ பழைய சாவடியிலோ சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் இருக்கும். பெயர் இருக்காது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து ஆள் போனது உறுதியாகும்.

அதற்கும் முந்தைய, கம்பெனிக் காலச் சிப்பாய் என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். மெட்ராஸ் படை தனிப்படையாக இருந்தது 1895 வரை. அதுவரைக்குமான ராணுவத் துறைக் கோப்புகள் அங்கே உண்டு. பென்ஷன் கேட்டு மனுப் போட்டு வழக்காகிப் போனவர்கள்தான் அவற்றில் பெயரோடு வருவார்கள். அமைதியாக வாங்கிக்கொண்டு போனவர்கள் எண்ணிக்கைக்குள் கரைந்திருப்பார்கள்.

கேள்வி: அம்மாவின் தாத்தா காரைக்கால்காரர், 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். பிரெஞ்சு பென்ஷன் வாங்கினார். இந்திய ரெக்கார்ட் ஆபீஸ் எதற்கு எழுதுவது?
- வாசகர், திருநள்ளாறு

பதில்: எதற்கும் வேண்டாம். காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவருடைய கோப்பு பிரான்ஸில் இருக்கும். பிரெஞ்சுப் படைவீரர்களின் ஆவணங்களுக்கான மையம் போ என்ற ஊரில் இருக்கிறது. பாதுகாப்புத் துறை வரலாற்றுச் சேவையின் தலைமையிடம் பாரிஸை ஒட்டிய வன்சேன். அங்கே கேட்க வேண்டியது 'மத்ரிகுல்' என்ற படைப் பதிவு எண்ணை வைத்து. வீட்டில் 'லிவ்ரே மிலித்தேர்' என்ற படைக் கையேடோ பென்ஷன் பத்திரமோ இருந்தால் முதல் பக்கத்திலேயே அந்த எண் இருக்கும். 'கிளாஸ்' என்று ஒரு வருஷம் போட்டிருப்பார்கள். அது படித்த வகுப்பில்லை. பிறந்த வருஷத்தோடு 20-ஐக் கூட்டியது.

பெயரில் ஒரு சிக்கல் வரும். 1881-ன் ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொண்டன. நீங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர் அந்தக் கோப்பில் இல்லாமல் போகலாம். முதலில் காரைக்கால் நகராட்சியில் பிரெஞ்சுக்காலப் பிறப்புப் பதிவை எடுத்துப் பெயரை உறுதி செய்துகொண்டு பிறகு எழுதுங்கள். கடிதம் பிரெஞ்சில் இருந்தால் நல்லது. பத்து வரி போதும். போரில் இறந்தவர் என்றால் பிரெஞ்சு அரசின் 'மெமுவார் தெ ஸொம்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

கேள்வி: மாமனார் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்து, ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, கப்பலேறி நாகப்பட்டினம் வந்தவர். ராணுவ பென்ஷன் பதிவில் அவர் பெயர் ஏன் இல்லை?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: தோட்டத்திலிருந்து நேராக நேதாஜி படையில் சேர்ந்தவருக்கு இந்திய ராணுவத்தில் எண்ணே கிடையாது. அவர் வாங்கியிருந்தால் அது தியாகிகள் பென்ஷன். மத்திய அரசின் திட்டம் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது, மாநில அரசுக்குத் தனி பென்ஷன் இருக்கிறது. அந்தக் கோப்புகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், தலைமைச் செயலகத்தின் பொதுத்துறை அரசியல் ஓய்வூதியப் பிரிவிலும் கேளுங்கள். கோப்பு கிடைத்தால் அதில் சக கைதிச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கூட முகாமில் இருந்த ஒருவர் எழுதித் தந்த கையெழுத்துச் சான்று அது. எந்த முகாம், எந்த மாதம் என்பதெல்லாம் அதில்தான் வரும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஐ.என்.ஏ. ஆவணங்களை இணையத்திலேயே தேடலாம்.

முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, சிங்கப்பூரில் சிறைப்பட்டு, பிறகு ஐ.என்.ஏ.வுக்குப் போனவர் என்றால் அவருக்கு ராணுவப் பதிவும் உண்டு. போர் முடிந்ததும் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பு என்று எழுதப்பட்டவர்களைச் சம்பளப் பாக்கியைப் பறிமுதல் செய்து டிஸ்மிஸ் செய்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பதிவில் பார்த்துக் கலங்காதீர்கள். அதை எழுதியது அவர் எதிர்த்துச் சண்டை போட்ட அரசு.

கேள்வி: கஜா புயலில் ஓடு பறந்து, பெட்டி நனைந்து, தாத்தாவின் பென்ஷன் புத்தகம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. லேமினேட் செய்து வைக்கலாமா?
- வாசகர், பேராவூரணி

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் மை பரவும், பிறகு பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது. ரேகையை ஒப்பிட வேண்டி வந்தாலும் வழி இருக்காது. ஒட்டிய பக்கங்களைக் கத்தியால் நெம்பாதீர்கள், வெயிலில் போடாதீர்கள். காற்றோட்டமான நிழலில், அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே லேசாகப் பாரம் வைத்துத் தாளைத் தினமும் மாற்றுங்கள். செய்தித்தாள் கூடாது, அதன் மை ஏறிவிடும். தானாகப் பிரியும் பக்கத்தை மட்டும் பிரியுங்கள். பிரிந்த அன்றைக்கே, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கத்தின் இரண்டு புறமும் படம் எடுங்கள். பென்சில் குறிப்பும் ரப்பர் முத்திரையும் பின்புறத்தில்தான் இருக்கும். நீல மை வெளிறிப்போன இடத்தில் பக்கவாட்டு டார்ச் வெளிச்சம் பேனா அழுத்திய தடத்தைக் காட்டும். முதலில் படிக்க வேண்டியது படை எண். அதைத் தனியே ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இரண்டு பேரிடம் கொடுத்துவையுங்கள்.